அசம்ப்டா ‘சரி’ சொன்ன வியாழக்கிழமை

என் அம்மா அசம்ப்டா கெராக்டி, தன் ஐம்பத்தைந்து வயது வரை எதையும் முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொண்டதில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் டிரம்னாவில் யாருமே அப்படி வாங்கிக்கொள்வதில்லை.

அயர்லாந்தின் மேற்கே, மேயோ மாவட்டத்தில் நாற்பது வீடும் ஒரு தேவாலயமும் இரண்டு மதுக்கடையும் உள்ள ஊர் அது. ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால், “டீ போடட்டா?” என்பார்கள். “ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்” என்று சொல்ல வேண்டும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதுதான் பதில். அதற்குள் கெட்டில் கொதிக்க ஆரம்பித்திருக்கும். “ஒரு வாய் குடியேன்” என்று இரண்டாம் தடவை கேட்பார்கள். “எனக்காக மெனக்கெடாதீங்க” என்போம். மூன்றாம் தடவை கேட்டதும், “சரி, அரைக் கப் போதும்” என்று உட்கார்ந்தால், இரண்டு முழுக் கப் டீயும், பன்றிக்கறி வைத்த சாண்ட்விச்சும், ஒரு துண்டு ஆப்பிள் கேக்கும் உள்ளே போன பிறகுதான் எழுந்திருக்க முடியும். பாஸ்டனிலிருந்து வந்த என் பெரியப்பா மகன், பக்கத்து வீட்டு டிம்ப்னா டீ வேண்டுமா என்று கேட்டதும், “ம், குடு” என்று சொல்லிவிட்டான். பதினாறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஊரில் அவன் பெயர் ‘ம்குடு’தான்.

அம்மா ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, பக்கத்து டவுனில் இருந்த சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அவளுக்குக் கிடைத்தது காலர் பிரிவு. இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் கழுத்துகளுக்குக் காலர் வைத்தாளோ தெரியாது. ஆனால் பூசையில் முன்வரிசையில் நிற்கும் ஆணின் பிடரியைப் பார்த்தே, “இது நம்ம தையல் இல்ல” என்று கிசுகிசுப்பாள். ஒரு நாள் அந்தத் தொழிற்சாலை தையல் இயந்திரங்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு மொராக்கோவுக்குப் போய்விட்டது. அடுத்த வருஷமே அதே கட்டடத்தை இடித்துவிட்டு ஒரு டச்சுக் கம்பெனி வந்தது. இதயக் குழாய்க்குள் வைக்கிற, நூலைவிடக் கொஞ்சம் தடித்த குழல்களைச் செய்கிற கம்பெனி. நானூறு பேர் வேலை செய்கிறார்கள். போலந்துக்காரர்கள், பிரேசில்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், கேரளாவிலிருந்து வந்தவர்கள், நடுநடுவே நாங்களும். அம்மா அங்கே கேன்டீனில் சேர்ந்து, பத்தொன்பது வருஷமாக உருளைக்கிழங்கு உரித்தாள், பரிமாறினாள், மேசை துடைத்தாள். யார் பன்றி தின்னமாட்டார்கள், யார் எந்த மாதம் நோன்பு, யாருக்கு மனைவியோடு சண்டை, எல்லாம் அவளுக்குத் தெரியும். கோட்டயத்துக்காரர்களுக்காகக் கல்லாவுக்குக் கீழே ஒரு பாட்டில் மிளகாய்த்தூள் ஒளித்து வைத்திருந்தாள்.

நான் டோனல். அவளுக்கு ஒரே பிள்ளை. எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதை நான் கொஞ்சம் உரக்கவே சொல்வேன், யாரும் மூன்று தடவை கேட்க வேண்டியதில்லை. கால்வேயில் சமூகவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ‘ஐரிஷ் பண்பாடும் உலகமயத்தின் விளைவுகளும்’ என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அக்டோபர் விடுமுறையில் அதை எழுதி முடிக்கலாம் என்று ஊருக்கு வந்தேன். முதல் நாலு பக்கம் எழுதியாகிவிட்டது. எல்லா ஊரிலும் ஒரே காப்பிக்கடை, எல்லாப் பையன்கள் முதுகிலும் மான்செஸ்டர் கால்பந்துச் சட்டை, எங்கள் மதுக்கடைகளையே பெட்டியில் அடைத்து துபாய்க்கும் டோக்கியோவுக்கும் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகள் என்று வரிசையாக அடுக்கி, ‘நமக்கென்று எதுவும் மிச்சமில்லை’ என்று முடித்திருந்தேன். அதைச் சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா மேட்டிக்கு முப்பது ஆடு, எட்டு மாடு, கொஞ்சம் நிலம்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நாம எல்லாரும் செத்துப்போன மாதிரி இருக்கே. நான் இங்கதான உக்காந்து முட்டைக்கோஸ் தின்னுட்டிருக்கேன்?” என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா வேலை முடிந்து வந்தவள், கோட்டைக் கழற்றாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஹெஸ்ஸல் கூப்பிட்டாரு” என்றாள்.

ஹெஸ்ஸல், தொழிற்சாலைக்கு நாலு மாதம் முன்னால் வந்த டச்சு மேலாளர். ரொம்ப உயரம். யாரைப் பார்த்தாலும் நேராகப் பேசுகிற மனிதர்.

“கேன்டீனைப் பாத்துக்கிட்டிருந்த மரியன் இந்த மாசத்தோட ஓய்வு. ‘அசம்ப்டா, நீங்க அந்தப் பொறுப்பை எடுத்துக்கிறீங்களா?’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?” அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

“என்னத்தச் சொல்லுவேன். ‘ஐயோ, நான் எதுக்கு, என்னைவிட நல்லா செய்யறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க’ன்னேன்.”

அப்பா தலையாட்டினார். மிகச் சரியான பதில். “அதுக்கு அவரு?”

“‘வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி’ன்னாரு. கை குலுக்கினாரு. கதவைத் திறந்துவிட்டாரு.”

அப்பா நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டார்.

“ரெண்டாவது தடவை கேக்கலையா?”

“கேக்கல.”

“கதவுகிட்டயாவது?”

“கதவுகிட்ட நானே மெதுவாத்தான் நடந்தேன், மேட்டி. குனிஞ்சு ஷூ லேசு கட்டற மாதிரி கூட கட்டினேன். என் ஷூவுக்கு லேசே கிடையாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டுமென்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்த கேன்டீனை மனதுக்குள் திருத்திக்கொண்டே இருந்தவள் அவள். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஆறின சாண்ட்விச் வைக்கக்கூடாது என்பாள். மேசைகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டால் மலை தெரியும் என்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய டப்பாவிலிருந்து தூளை அள்ளி வெந்நீரில் கரைக்கிற அந்த சூப். அதை ஊற்றும்போதெல்லாம் ஆள் முகத்தைப் பார்க்கமாட்டாள். இப்போது அந்த இடத்துக்கு வெளியாளைத் தேடி வெள்ளிக்கிழமை விளம்பரம் கொடுக்கப்போவதாக ஹெஸ்ஸல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். நடுவில் இரண்டு நாள்.

எங்கள் வீட்டில் ஒரு விஷயம் நடந்தால் டிம்ப்னாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. ஐந்து நிமிஷத்தில் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவை மறுத்து, மூன்றாவதில் டீயை வாங்கிக்கொண்டு, முழுக் கதையையும் கேட்டாள்.

“அந்த ஆளோட அம்மாவைத்தான் சொல்லணும். வளர்ப்பு சரியில்ல.”

“அப்படியில்ல டிம்ப்னா அக்கா. அவங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்னுதான் அர்த்தம். திருப்பிக் கேட்டாத்தான் மரியாதைக்குறைவு” என்றேன். பல்கலைக்கழகத்தில் படித்ததற்கு ஏதாவது பயன் வேண்டாமா.

“அப்போ அந்த நாட்டுல ஒருத்தனும் டீயே குடிக்கமாட்டானா?”

“குடிப்பாங்க. கேட்டா சரின்னுவாங்க.”

டிம்ப்னா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு யோசனைகள் வந்தன. ஹெஸ்ஸல் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரி டிம்ப்னாவின் நாத்தனாருக்குத் தோழி. அந்த வழியில் காதில் போட்டுவைக்கலாம். பூசை முடிந்து ஃபாதரிடம் சொன்னால் அவர் எங்காவது அவரைப் பார்க்கும்போது பேச்சுவாக்கில் சொல்லுவார். ஆனால் அந்த ஆள் பூசைக்கே வருவதில்லை. அப்பா ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறு ஏதோ பேசிவிட்டு வரலாம் என்றார். எல்லா வழியும் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. ஒன்றும் நேரே அந்த அலுவலகக் கதவுக்குப் போகவில்லை.

“அம்மா, நீயே நேரா போயி, எனக்கு அந்த வேலை வேணும்னு சொல்லேன்” என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்த பார்வையில், உடுப்பில்லாமல் பூசைக்குப் போ என்று சொல்லிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

“டோனல், நாங்க உன்னைப் படிக்க வச்சது இதுக்கா?” என்றாள் அம்மா. ஆனால் சாயந்திரம் அவளே வந்து, “எப்படிச் சொல்லணும்னு ஒருதரம் சொல்லிக்காட்டு” என்றாள்.

அப்பாதான் ஹெஸ்ஸல். தொப்பியைக் கழற்றிவிட்டு, உயரம் போதாதென்று முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டார். அம்மா வாசல் பக்கமிருந்து உள்ளே வந்தாள்.

“வாங்க மிஸ்ஸஸ் கெராக்டி. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல சார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

“அம்மா, நீ அங்கதான வேலை செய்யற. சும்மா எப்படி வருவ? முதல்லேர்ந்து.”

திரும்பப் போய் வந்தாள். “சார், போன தடவை நீங்க ஒண்ணு கேட்டீங்க. அது இன்னும் யாருக்கும் போகலேன்னா, வேற ஆள் கிடைக்கலேன்னா, அவசரம் ஒண்ணும் இல்ல, எனக்குன்னு இல்ல, பொதுவாத்தான் கேட்டேன்…”

“மழை வரும்போல இருக்குல்ல?” என்றார் முக்காலி மேலிருந்து அப்பா, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

“ஆமா சார், துணியெல்லாம் வெளிய கிடக்கு” என்று அம்மா நிஜமாகவே துணி எடுக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை அவளுக்கு விடுப்பு. அன்றைக்கு முழுக்கப் பயிற்சி. வேலை வேண்டும் என்று சொல்ல வராவிட்டால் போகிறது, முதலில் டீ வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொள்ளட்டும் என்று தீர்மானித்தோம். டிம்ப்னா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேருக்கும் அது தெரிந்த ஏற்பாடுதான். இருந்தும் இருவரும் பல் பிடுங்கப் போனவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

“டீ குடிக்கிறியா, அசம்ப்டா?”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ச… சரி.”

டிம்ப்னா டீயை ஊற்றிக் கொடுத்தாள். பிறகு தன் கப்பைக் கீழே வைத்துவிட்டாள். “எனக்கு மனசே ஆறலைடீ. ஒரே ஒருதரம் வேண்டாம்னு சொல்லிடு. நான் திருப்பிக் கேட்டுக்கறேன்.”

“சொல்லக்கூடாதுடீ. பையன் பாத்துக்கிட்டிருக்கான்.”

“நாப்பது வருஷமா உனக்கு டீ குடுக்கறேன். இன்னைக்குத்தான் யாரோ கடைக்கு வந்தவளுக்குக் குடுத்த மாதிரி இருக்கு.”

அதைக் கேட்டபோது எனக்குள் ஒன்று புரண்டது. நான் எழுதிய நாலு பக்கத்தில் காப்பிக்கடையும் சட்டையும் இருந்தன. இது இல்லை. மூன்று தடவை கேட்பது எங்கள் ஊரில் சடங்கு இல்லை, ஒரு அளவுகோல். நீ உட்கார்ந்து போகிற ஆள்தானா, எனக்கு உன்னோடு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிற நேரம் அது. எந்தக் கம்பெனியாலும் அதைப் பெட்டியில் அடைத்து டோக்கியோவுக்கு அனுப்ப முடியாது. ஆனால் அதை அறியாத ஒரு நல்ல மனிதரின் அலுவலகத்தில், அதுவே ஒரு பெண்ணின் காலை வாரிவிடவும் முடியும். அன்றைக்குக் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு நடந்துவருகிற வழியில் அம்மா தபால்காரரிடம் ஒன்று, மதுக்கடைக்காரரிடம் ஒன்று என்று ‘சரி’ சொல்லிப் பழகினாள். மதுக்கடைக்காரர் சும்மா மரியாதைக்கு, “உள்ள வந்து ஒரு கிளாஸ் குடிக்கிறியா?” என்று கேட்டவர். மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மா உள்ளே போய் ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயின் குடித்துவிட்டு வந்தாள். வாழ்நாளில் முதல் தடவை.

எங்களுக்குத் தெரியாமல் அதே புதன்கிழமை தொழிற்சாலையில் வேறொன்று நடந்தது. அம்மாவோடு பதினோரு வருஷமாக வேலை செய்கிற கிராஜினா, போலந்துக்காரி, சுருக்கமாகப் பேசுகிறவள், ஹெஸ்ஸலின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தாள்.

“அசம்ப்டாவை எத்தனை தடவை கேட்டீங்க?”

“ஒரு தடவை. வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

“அது வேண்டாம் இல்ல. அது வணக்கம் மாதிரி. இங்க மூணு தடவை கேக்கணும். முதல் ரெண்டு கணக்கே இல்ல.”

“போலந்துலயும் இப்படியா?”

“நாங்க ஒரு தடவைதான் மறுப்போம். எங்களுக்கு வேலை இருக்கு.”

ஹெஸ்ஸல் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எதையும் முறையாகச் செய்கிறவர்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான்தான் அம்மாவைக் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே வந்தது. ஜெபமாலை என்று நினைத்தேன். ‘சரி, எனக்கு வேணும், சரி, எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கேன்டீனில் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஹெஸ்ஸலின் அறை. பார்க்க முடியும், கேட்க முடியாது. உள்ளே நடந்த பேச்சைப் பிறகு அம்மாவும், கிறிஸ்துமஸ் விருந்தில் ஹெஸ்ஸலும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தது.

அம்மா உட்காருவதற்குள் அவர் ஆரம்பித்தார். “அசம்ப்டா, கேன்டீன் பொறுப்பைப் பத்தி…”

“சரி” என்றாள் அம்மா. “எனக்கு அந்த வேலை வேணும்.”

ஹெஸ்ஸல் நோட்டைப் பார்த்தார். இப்படி ஒரு பதில் அதில் இல்லை. அதில் முதல் பதில் ‘வேண்டாம்’ என்றிருந்தது. இருந்தாலும் ஊர் வழக்கத்தை மதிக்க வேண்டும், குறுக்குவழி கூடாது என்று இரண்டாவது கேள்விக்குப் போனார்.

“கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எடுத்துக்கிறீங்களா?”

அம்மாவுக்குக் குழப்பம். சரி என்று சொன்ன பிறகும் கேட்கிறாரே, மனதை மாற்றிக்கொள்ளச் சொல்கிறாரோ? ‘உங்களுக்குச் சிரமம்னா விட்டுடுங்க’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. ஷெர்ரி குடித்ததை நினைத்துக்கொண்டாளாம். “சரி” என்றாள், இன்னும் கொஞ்சம் உரக்க.

ஹெஸ்ஸல் பெருமூச்சு விட்டு, நோட்டை மூடி, கையிரண்டையும் மேசைமேல் வைத்துக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். “எனக்காகவாவது எடுத்துக்கக்கூடாதா?”

அப்போதுதான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்தேன்: என் அம்மா, எவரிடமும் குரல் உயர்த்தாதவள், எழுந்து நின்று மேசையை ஓங்கி அறைந்தாள். பேனாக்கள் உருண்டன. போச்சு என்று நினைத்தேன்.

பக்கத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்த கிராஜினா நிமிர்ந்து பார்த்தாள். “நல்லது. மூணாவதுக்கு வந்துட்டாங்க” என்று சொல்லிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள்.

உள்ளே அம்மா சொன்னது இதுதான்: “ஐயா, ரெண்டு தடவை சரின்னு சொல்லிட்டேன். எழுதிக் குடுக்கணுமா? அந்தச் சூப்பை இன்னும் ஒரு நாள் கூட நான் ஊத்தமாட்டேன். உங்களுக்கு ஆள் வேணுமா வேண்டாமா?”

ஹெஸ்ஸல் நோட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். ‘ஒன்று: வேண்டாம். இரண்டு: வேண்டாம். மூன்று: சரி, கொஞ்சமாக’ என்று டச்சு மொழியில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்குவது கண்ணாடி வழியே தெரிந்தது. அழுகிறாள் என்று நான் எழுந்து ஓடினேன். கதவைத் திறந்தால் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“டோனல், இவருக்கும் யாரோ பாடம் எடுத்திருக்காங்கடா” என்றாள்.

நான் அந்த நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். உலகமயம் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை லாரியில் வந்து தையல் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போனது, அதை மறைக்கவில்லை. மறுமுறை நீளக் கால்களோடு வந்து, எங்களை எப்படிக் கேட்பது என்று நோட்டில் எழுதிப் படித்தது. எங்களுக்கும் எப்படிப் பதில் சொல்வது என்று கொஞ்சம் சொல்லிக்கொடுத்தது. பண்பாடு என்பது ஒரு பக்கம் மட்டும் கரைகிற சர்க்கரை இல்லை என்று எழுதினேன். பேராசிரியர் அந்த வரியை அடித்துவிட்டு, ‘உன் அம்மாவைப் பற்றி இன்னும் எழுது’ என்று ஓரத்தில் குறித்திருந்தார். நல்ல மதிப்பெண்தான் கொடுத்தார்.

நவம்பர் முதல் திங்கட்கிழமை அம்மா பொறுப்பேற்றாள். ஐந்து மணிக்கே போய், லீக் என்கிற வெங்காயத் தண்டும் உருளைக்கிழங்கும் போட்டு, நிஜமான வெண்ணெயில் நானூறு பேருக்கு சூப் வைத்தாள். பத்தொன்பது வருஷமாக யாரும் இரண்டாவது கிண்ணம் கேட்காத இடம் அது. அந்தக் கணக்கில்தான் வைத்தாள். பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. வாசனை ஏற்கெனவே மாடி வரை போயிருந்தது. பன்னிரண்டே காலுக்குப் பிரேசில்காரர்கள் மூன்றாவது கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டரைக்குப் பானை காலி. வரிசையில் இன்னும் நூறு பேர். அகப்பையைக் கையில் பிடித்தபடி அம்மா காலிப் பானையை எட்டிப் பார்த்தாள். வரிசையிலிருந்து யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும்.

“கிராஜினா, முட்டை எத்தனை இருக்கு?”

“பன்னெண்டு அட்டை.”

“எல்லாத்தையும் எடு.”

வரிசைக் கடைசியில் நின்றிருந்த ஹெஸ்ஸல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் வந்தார். உடைத்த முதல் மூன்று முட்டையிலும் ஓடு விழுந்தது. அம்மா அவரை இடித்து நகர்த்திவிட்டு நெருப்பைக் குறைத்தாள்.

“தள்ளி நில்லுங்க. ரொட்டியை வெட்டுங்க நீங்க” என்றாள்.

அவர் ரொட்டி வெட்டினார். தடித்தடியாக, கோணல்மாணலாக. நூறு பேரும் அதைத் தின்றார்கள்.